நான்கு வாசல் வழி வந்த குவளை

புள்ளலூர் என்றதும் வரலாறு படித்தவர்களுக்கு 1780 செப்டம்பர் 10 நினைவுக்கு வரும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் இந்தக் கிராமத்து வெளியில்தான் கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். மைசூர் ராக்கெட்டுகள் சீறின. கம்பெனியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. தலையில் இரண்டு வாள்வெட்டு, தொடையில் குண்டு, கையில் ஈட்டிக் காயம் என்று குற்றுயிராகப் பிடிபட்ட பிரிட்டிஷ் அதிகாரி டேவிட் பெயர்டு 1784 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைதியாகக் கிடந்தார். பெய்லி அங்கேயே இறந்துபோனார். வெற்றியைத் திப்பு தன் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் ஓவியமாகத் தீட்டச் செய்தார்.

அந்தக் காலத்துத் தொண்டை மண்டலத்தில் மோதிக்கொண்டவை படைகள் மட்டுமல்ல. மூன்று மருத்துவ மரபுகளும் ஒரே மண்ணில் நடமாடின. கம்பெனிப் படையோடு ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் வந்தார்கள். ஆற்காட்டு நவாபின் அவையிலும் மைசூர்த் தரப்பிலும் யுனானி ஹகீம்கள் இருந்தார்கள். ஊருக்குள் வைத்தியரும், கத்தி பிடிக்கும் நாவிதரும் இருந்தார்கள். நோய் எதனால் வருகிறது என்று கேட்டால் மூன்று தரப்பும் வெவ்வேறு விடை சொல்லியிருக்கும். ஆனால் மூன்று மரபுகளின் நூல்களிலும் ஒரு கருவி பொதுவாக இருந்தது. தோலின் மேல் கவிழ்த்து, உள்ளிருக்கும் காற்றைக் குறைத்து, சதையை மேலே இழுக்கும் குவளை.

அன்று அந்தக் களத்தில் இல்லாத மரபு சீன மருத்துவம் ஒன்றுதான். இன்று ‘கப்பிங்’ என்றால் பலருக்கும் முதலில் தோன்றுவதும் சீன மருத்துவம்தான்.

இதற்கு ஒரு நீச்சல் வீரரும் காரணம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மைக்கேல் பெல்ப்ஸ் தோளிலும் முதுகிலும் பெரிய பெரிய ஊதா வட்டங்களோடு குளத்தில் இறங்கினார். ஐந்து தங்கம், ஒரு வெள்ளியோடு வெளியே வந்தார். பதக்கத்துக்கும் வட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபணத்துக்கு யாரும் காத்திருக்கவும் இல்லை. ‘பண்டைய சீன சிகிச்சை’ என்ற அடைமொழியோடு அந்த வட்டங்கள் உலகத் தொலைக்காட்சிகளில் ஓடின. சில ஆண்டுகளில் தமிழ்நாட்டு உடற்பயிற்சிக் கூடங்களிலும் பிசியோதெரபி நிலையங்களிலும் பம்ப் வைத்த பிளாஸ்டிக் கப்புகள் வந்து சேர்ந்தன.

காஞ்சிபுரம் வட்டாரத்துக்கு இது வெறும் செய்தி அல்ல. குழித் தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்கக் குனிந்து நெய்கிறவர்களின் ஊர் இது. சுற்றுக் கிராமங்களில் நாற்று நடவும் களை பறிக்கவும் இடுப்பை ஒடித்து நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முழுக்க நின்றே வேலை பார்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். முதுகுவலி, கழுத்துவலி, மூட்டுவலி இங்கே அன்றாடப் பேச்சு. வலிக்கு மாத்திரை போட்டுச் சலித்தவரிடம் ‘கெட்ட ரத்தத்தை எடுத்துட்டா சரியாயிடும்’ என்று யாராவது சொன்னால் அது எளிதில் காதில் ஏறும்.

அப்படிச் சொல்பவர் யார், எந்த மரபின் பெயரால் சொல்கிறார், கையில் பிளேடு இருக்கிறதா என்பவை ஒன்றுக்கொன்று வேறான கேள்விகள். குவளை தமிழ்நாட்டுக்குள் நான்கு வாசல் வழியாக வந்திருக்கிறது: வடமொழி மருத்துவ நூல்களும் அவற்றோடு உறவாடிய சித்த மருத்துவமும் ஒரு வாசல், யுனானி இன்னொன்று, அக்குபங்சரோடு வந்த சீன முறை மூன்றாவது, விளையாட்டு வீரர்களைப் பார்த்து வந்த புது மோகம் நான்காவது. ஒவ்வொரு வாசலிலும் விளக்கம் வேறு, சட்ட நிலை வேறு. தோலில் பதியும் வட்டம் மட்டும் ஒன்றே.

குவளைக்குள் நடப்பது

சூடான சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் அடைத்து இறுக்கி மூடினால், ஆறியபின் மூடி கழற்ற வராமல் அடம்பிடிக்கும். நெருப்புக் குவளையின் தத்துவமும் அதுவே. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் கண்ணாடிக் குவளைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே எடுத்து, உடனே தோலில் கவிழ்ப்பார்கள். சூட்டில் விரிந்த காற்றில் ஒரு பகுதி ஏற்கெனவே வெளியேறியிருக்கும். மிஞ்சிய காற்று குளிரும்போது அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்றின் அழுத்தத்தில் இருக்கும் உடலின் சதை அந்தக் குறைவை நிரப்ப மேலெழுகிறது. ‘நெருப்பு ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால் வெற்றிடம் உண்டாகிறது’ என்று சொல்லப்படுவதுண்டு. ஆக்சிஜன் குறைவது உண்மைதான். ஆனால் எரியும்போது அதன் இடத்துக்கு வேறு வாயுக்கள் வந்துவிடுகின்றன. முக்கிய வேலையைச் செய்வது காற்றின் விரிவும் சுருக்கமும்தான். பம்ப் வைத்த கப்பில் நெருப்பே இல்லை. காற்றைக் கையாலேயே உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். விளைவு அதேதான்.

இழுபட்ட இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் விரிகின்றன, சில உடைகின்றன. சிவப்பணுக்கள் குழாயை விட்டுத் திசுவுக்குள் கசிகின்றன. அதுதான் அந்த வட்டத் தழும்பு. அடிபட்டுக் கன்றிப்போகும் இடத்தில் நடப்பதும் இதுவே. வட்டம் கருஞ்சிவப்பாக இருந்தால் ‘நச்சு அதிகம்’, வெளிறி இருந்தால் ‘குறைவு’ என்று நிறத்தைப் படித்துச் சொல்லும் பழக்கம் பல நிலையங்களில் உண்டு. நிறத்தைத் தீர்மானிப்பவை இழுப்பின் வலுவும், கப் இருந்த நேரமும், அந்த இடத்துத் தோலின் தன்மையும். சில நாள்கள் முதல் இரண்டு வாரங்களுக்குள் உடலே கசிந்த ரத்தத்தைச் சிதைத்து அகற்றிவிடும். வட்டம் பச்சையாகி, மஞ்சளாகி மறையும்.

கீறி ரத்தம் எடுக்கும் முறையில் நம்பிக்கையை உறுதிப்படுத்தும் காட்சி ஒன்று நிகழ்கிறது. கப்புக்குள் சேரும் ரத்தம் கருத்து, கட்டிக் கட்டியாக, ஜெல்லிபோல் இருக்கும். அதைக் காட்டி, ‘பாருங்க, இதுதான் உள்ளே கெட்டுப்போய்க் கிடந்தது’ என்பார்கள். நுண்குழாய்களிலிருந்தும் சிறு சிரைகளிலிருந்தும் வருவது ஆக்சிஜனை இழந்த ரத்தம், கருமை இயல்பு. உடலை விட்டு வெளியே வந்து சில நிமிடம் தேங்கினால் எந்த ரத்தமும் உறையும். ஆரோக்கியமான ஒருவரின் முதுகில் கீறி அதே நேரம் கப் வைத்தாலும் அதே ஜெல்லிதான் கிடைக்கும். உடலின் கழிவுகளைப் பிரிக்கும் வேலை சிறுநீரகத்துக்கும் கல்லீரலுக்கும் உரியது. தோலுக்குக் கீழே கழிவு தனியே தேங்கிக் காத்திருப்பதில்லை.

கொம்பிலிருந்து கண்ணாடிக்கு

சீனாவில் இந்த முறையின் பழைமைக்கு மண்ணுக்கடியிலிருந்தே சான்று கிடைத்தது. ஹூனான் மாகாணத்துச் சாங்ஷா நகருக்கருகே மாவாங்துயி என்ற இடத்தில் ஹான் காலக் கல்லறைகளை 1970களில் தோண்டினார்கள். கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையில் பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ நூல்கள் இருந்தன. ‘ஐம்பத்திரண்டு நோய்களுக்கான மருந்துகள்’ என்று இன்று அழைக்கப்படும் சுவடியில், மூல நோய்க்கு விலங்கின் கொம்பை வைத்து உறிஞ்சும் முறை வருகிறது. கி.பி. 4ஆம் நூற்றாண்டு மருத்துவரான கோ ஹொங் இந்தக் கொம்பு முறையைப் பற்றி எழுதும்போதே எச்சரிக்கையும் செய்தார். 618 முதல் 907 வரை ஆண்ட தாங் அரசர்களின் மருத்துவக் கழகத்தில் ‘கொம்பு முறை’ ஒரு தனிப் பாடப்பிரிவாகவே இருந்தது. 752இல் வாங் தாவ் தொகுத்த நூல், கொம்புக்குப் பதிலாக மூங்கில் குழாயை நீரில் கொதிக்கவைத்துப் பயன்படுத்தும் முறையைப் பதிவுசெய்கிறது. 1765இல் சாவ் சுவேமின் எழுதிய நூலில் மண்ணால் செய்த நெருப்புச் சாடி இடம்பெறுகிறது. கண்ணாடி அதற்குப் பிந்தையது.

கொம்பால் தொடங்கிய காலத்தில் இதன் முதன்மை வேலை சீழை வெளியேற்றுவது. வலி, சளி, குளிர்க்காய்ச்சல் ஆகியவற்றுக்கான முறையாக அது பின்னாளில்தான் வளர்ந்தது. உடலில் ஓடும் ‘சி’ என்ற உயிராற்றலும் ரத்தமும் தேங்கினால் வலி வரும், குளிரும் ஈரமும் புகுந்தால் நோய் வரும், குவளை அவற்றை இழுத்து ஓட்டத்தைச் சீர்செய்யும் என்பது சீன விளக்கம். இன்றைய சீன மருத்துவமனைகளில் நான்கு வகைகள் சாதாரணம்: கப்பை ஒரே இடத்தில் சில நிமிடம் விட்டு வைப்பது, வைத்தவுடன் எடுத்து மறுபடி வைப்பது, எண்ணெய் பூசிய முதுகில் கப்பை நகர்த்திச் செல்வது, ஊசியால் குத்திவிட்டு மேலே கப் வைத்து ரத்தம் எடுப்பது. 1950களில் மக்கள் சீன அரசு பாரம்பரிய மருத்துவத்துக்குக் கல்லூரியும் மருத்துவமனையும் கட்டிக்கொடுத்தபோது குவளையும் அதிகாரபூர்வப் பாடமாயிற்று.

அங்கிருந்து இந்தியாவுக்கு வந்த வழி சுவையானது. ஜப்பானோடு போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்கு 1938இல் இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் துவாரகாநாத் கோட்னிஸ் அங்கேயே 1942இல் இறந்து இரு நாட்டுக்கும் வீரரானார். கூடச் சென்ற விஜய் குமார் பாசு ஊர் திரும்பினார். 1950களின் இறுதியில் மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்று வந்து கல்கத்தாவில் அதைத் தொடங்கிவைத்தார். 1996இல் மேற்கு வங்கம் அக்குபங்சருக்கெனச் சட்டமே இயற்றியது. இலங்கையில் கொழும்பு களுபோவில மருத்துவமனையில் ஆன்டன் ஜெயசூரிய நடத்திய பயிற்சிக்கு வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இதற்கிடையே 1971இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவை செய்துகொண்டு, பிறகு அக்குபங்சர் பெற்ற அனுபவத்தை எழுதியது மேற்குலகின் ஆர்வத்தைக் கிளப்பிவிட்டது. இந்திய அரசு 2003இல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை வகையாகவும் 2019இல் தனி மருத்துவ முறையாகவும் ஏற்றது. தமிழ்நாட்டில் ஊசி வைப்பவர்களின் மேசையில் இன்று கப்புகளும் இருப்பது இந்த நெடும்பாதையின் கடைசிக் கட்டம்.

திருமுக்கூடல் மருத்துவமனையில்

புள்ளலூர் இருக்கும் அதே மாவட்டத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில், பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டப்பட்ட அதன் நீண்ட கல்வெட்டு, கோயிலோடு இணைந்த ஆதுலர் சாலையை விவரிக்கிறது. படுக்கைகள் பதினைந்து. நோய் பார்க்கும் மருத்துவராகக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அவரைத் தவிர, சல்லியக் கிரியை (அறுவை மருத்துவம்) செய்வோன் ஒருவன், மருந்துச் செடியும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவர், நாவிதன் ஒருவன். சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு: வாசாஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று வடமொழி ஆயுர்வேத நூல்களின் மருந்துப் பெயர்கள் அப்படியே தமிழ்க் கல்லில் ஏறியிருக்கின்றன.

கல்வெட்டு கத்தி, கொம்பு என்று கருவிகளை எண்ணிச் சொல்லவில்லை. ஆனால் சல்லியக் கிரியை என்பது சுஸ்ருதரின் துறை. சுஸ்ருத சம்ஹிதை ரத்தம் வாங்கும் முறைகளை விவரிக்கும் இடத்தில் அட்டை, கொம்பு, சுரைக்குடுக்கை என்று மூன்று கருவிகளைச் சொல்கிறது. வாதத்துக்குப் பசுவின் கொம்பு, பித்தத்துக்குக் குளிர்ந்த நீரில் வாழும் அட்டை, கபத்துக்குச் சுரைக்குடுக்கை. கொம்பை மருத்துவர் வாயால் உறிஞ்ச வேண்டும். சுரைக்குடுக்கைக்குள் எரியும் விளக்கை வைத்துக் கீறிய தோலின் மேல் கவிழ்க்க வேண்டும். சீன மண்சாடியும் ஐரோப்பியக் கண்ணாடியும் செய்த அதே வேலையை இங்கே தோட்டத்துச் சுரைக்காய் செய்தது. இந்த அறிவைப் பயின்ற ஒருவருக்குக் காஞ்சி வட்டாரத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன்பே நெல்லில் ஊதியம் அளக்கப்பட்டது என்பதைத் திருமுக்கூடல் சொல்கிறது.

சித்த மருத்துவம் புற மருத்துவத்தை முப்பத்திரண்டாக வகுக்கிறது. ஒற்றடம், வேது, தொக்கணம், பொட்டணம் முதலிய மென்மையான முறைகளோடு கீறல், அட்டை விடல், உறிஞ்சல், குருதி வாங்கல் ஆகியவையும் அந்தப் பட்டியலில் உள்ளன. இதே வேலையை ஊர்ப்புறத்தில் ஏட்டுப் படிப்பு இல்லாதவர்களும் செய்துவந்தார்கள். வட இந்தியாவில் மாட்டுக் கொம்பைத் தோலில் பொருத்தி நுனித் துளை வழியாக உறிஞ்சும் ‘சிங்கி’ வைத்தியம் தெருத் தொழிலாகவே நடந்தது. ‘தொப்புள் விலகிவிட்டது’ என்று சொல்லி வயிற்றின் மேல் சிறு விளக்கை ஏற்றிச் சொம்பைக் கவிழ்க்கும் வீட்டு வைத்தியம் இந்தியாவின் பல பகுதிகளில் இன்றும் உண்டு. செய்பவர்கள் யாரும் அதைக் கப்பிங் என்று சொல்வதில்லை.

ஹிஜாமாவின் நாள்கள்

தமிழ்நாட்டில் இன்று மிகப் பரவலாகத் தெரிந்த குவளை யுனானி வழி வந்த ஹிஜாமா. கிரேக்க மருத்துவத்தை அரபு மருத்துவர்கள் விரித்தெழுதியபோது குவளைக்குத் தனி இடம் கொடுத்தார்கள். குர்துபா நகரத்து அல்-சஹ்ராவி கொம்பு, மரம், செம்பு, கண்ணாடி எனக் குவளையின் வகைகளை எழுதினார். 1025 வாக்கில் இப்னு சீனா முடித்த மருத்துவப் பெருநூலிலும் ஹிஜாமாவுக்குத் தனிப் பகுதி உண்டு. ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கு திரவங்களின் சமநிலையே ஆரோக்கியம். மிகுந்ததை வெளியேற்றுவது ஒரு நோக்கம், ஓரிடத்தில் சேர்ந்ததை வேறிடத்துக்குத் திருப்புவது இன்னொரு நோக்கம். கீறாமல் வைப்பது, கீறி வைப்பது, நெருப்பால் வைப்பது என்று அதிலும் வகைகள் உண்டு.

இஸ்லாமியர்களுக்கு இதில் சமயப் பற்றும் சேர்கிறது. நபிமொழித் தொகுப்புகளில் தேனோடு சேர்த்து ஹிஜாமாவும் நிவாரணமாகக் கூறப்படுகிறது. பிறை மாதத்தின் 17, 19, 21ஆம் நாள்கள் அதற்கு உகந்தவை என்ற மரபும் உண்டு. அந்தச் ‘சுன்னத் நாள்’களில் ஹிஜாமா நிலையங்களில் கூட்டம் கூடும். இன்றோ வாடிக்கையாளர்கள் எல்லாச் சமயத்தாரும்தான்.

இதற்கு நிறுவன வரலாறும் இருக்கிறது. சுதேச மருத்துவ முறைகளை ஆராயச் சென்னை மாகாண அரசு 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் குழு அமைத்தது. கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி செயலாளர். 1923இல் வந்த அறிக்கையின் தொடர்ச்சியாகச் சென்னையில் அரசு இந்திய மருத்துவப் பள்ளி உருவாயிற்று. ஆயுர்வேதம், சித்தம், யுனானி மூன்றையும் ஒரே கூரையின்கீழ் நவீன உடற்கூறியலோடு சேர்த்துக் கற்பித்த பள்ளி அது. 1979இல் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி தனியாகத் தொடங்கப்பட்டது. அரும்பாக்கத்து அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில் அது சித்த மருத்துவக் கல்லூரிக்கும் யோகா-இயற்கை மருத்துவக் கல்லூரிக்கும் பக்கத்தில் நிற்கிறது. யுனானிப் பட்டப்படிப்பில் ஹிஜாமா முறையான பாடம். ஆகவே ஐந்தரை ஆண்டு படித்துப் பதிவுபெற்ற யுனானி மருத்துவர் கப் வைப்பதும், சில நாள் வகுப்புக்குப் போய்ச் சான்றிதழைச் சட்டம்போட்டு மாட்டியவர் வைப்பதும் ஒன்றல்ல. வெளியே தொங்கும் பலகை மட்டும் ஒரேமாதிரி இருக்கலாம்.

எண்ணிப் பார்த்தவர்கள்

ஐரோப்பாவும் ஒரு காலத்தில் குவளைக்கு அடிமையாகத்தான் இருந்தது. லண்டனில் கப் வைப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான தாமஸ் மேப்பிள்சன் 1813இல் அதற்குக் கைநூலே எழுதினார். அந்தப் பிடி தளரத் தொடங்கியதற்கு ஒரு காரணம் பாரிஸ் மருத்துவர் பியேர் லூயி. நிமோனியா கண்ட 77 நோயாளிகளின் குறிப்புகளை எடுத்து, சீக்கிரம் ரத்தம் எடுக்கப்பட்டவர்கள், தாமதமாக எடுக்கப்பட்டவர்கள் என்று பிரித்து எண்ணிப் பார்த்தார். ரத்தம் எடுத்தலைப் போற்றியவர்கள் சொன்ன அளவுக்குப் பலன் இல்லை என்று 1835இல் நூலாக வெளியிட்டார். மருத்துவத்தில் அனுபவசாலியின் சொல்லுக்கு எதிரே எண்ணிக்கையை நிறுத்திய தொடக்க முயற்சிகளில் அது ஒன்று.

குவளையை எண்ணிப் பார்க்கும் வேலை இந்த நூற்றாண்டிலும் தொடர்கிறது. 2012இல் சீன ஆய்வாளர்கள் 135 ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள். அக்கி, முகவாதம், முகப்பரு, கழுத்தெலும்புத் தேய்மானம் ஆகியவற்றில் பலன் இருக்கலாம் என்று தெரிந்தது. ஆனால் பெரும்பாலான ஆய்வுகளின் தரம் குறைவு, சார்புக்கு இடம் அதிகம் என்பதையும் அவர்களே எழுதினார்கள்.

தரத்தைக் கெடுக்கும் பெரிய சிக்கல் ஒன்றுண்டு. மாத்திரையைச் சோதிக்க அதேபோன்ற போலி மாத்திரை கொடுக்கலாம். முதுகில் கப் வைத்ததும் இழுபடுவது நோயாளிக்குத் தெரிந்துவிடுமே, போலிக் கப்புக்கு எங்கே போவது? ஜெர்மனியில் ரோமி லவுக்கேயும் சகாக்களும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். உடல் முழுக்க நாள்பட்ட வலி தரும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 141 பேரைச் சேர்த்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான கப். இன்னொன்றுக்குச் சிறு துளையிட்ட கப். வைத்தவுடன் இழுக்கும், சற்று நேரத்தில் காற்று புகுந்து இழுப்பு போய்விடும். மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஐந்து முறை சிகிச்சை முடிந்து பார்த்தபோது, கப் வைத்தவர்களுக்கு வழக்கமான கவனிப்புக் குழுவைவிட வலி குறைந்திருந்தது. ஆனால் உண்மைக் கப்புக்கும் ஓட்டைக் கப்புக்கும் இடையே வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2016இல், பெல்ப்ஸின் வட்டங்கள் திரையில் ஓடிய அதே ஆண்டில், இந்த முடிவு அச்சேறியது.

இதை இரு விதமாகவும் படிக்கலாம். வலி குறைந்ததாக நோயாளிகள் சொன்னது பொய்யல்ல. ஒருவர் நேரம் ஒதுக்கி, தொட்டு, படுக்கவைத்து, கவனித்துச் செய்யும் எதற்கும் வலியைத் தணிக்கும் ஆற்றல் ஓரளவு உண்டு. முதுகுவலியில் பெரும்பகுதி சில வாரங்களில் தானே தணியக்கூடியதும்கூட. ஆனால் வெற்றிடம்தான் வேலை செய்கிறது, கெட்ட ரத்தம் போனதால்தான் குணமாயிற்று என்ற விளக்கங்களுக்கு இந்த ஆய்வு ஆதரவு தரவில்லை. இழுப்பு இல்லாமலே ஏறத்தாழ அதே நிவாரணம் கிடைக்குமானால், தோலைக் கீறும் முறைக்குக் கூடுதல் நியாயம் தேவைப்படுகிறது.

பிளேடு வரும் இடம்

கீறாத கப்பில் வரும் கேடுகள் பெரும்பாலும் சிறியவை: கன்றல், கொப்புளம், நெருப்பு முறையில் தீக்காயம். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு இழுபட்ட இடத்தில் புதிதாகத் திட்டுகள் கிளம்பக்கூடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோகிரெல் சாப்பிடுகிற இதய நோயாளிகளுக்குக் கீறாத கப்பே பெரிய கன்றலைத் தரலாம். காலில் ரத்தக் கட்டி இருப்பவருக்கு அந்த இடத்தில் கப் வைக்கவே கூடாது. முதுகுவலியோடு கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், விடாத காய்ச்சல், எடை குறைதல் இருந்தால் அது கப்புக்கு உரிய வலியே அல்ல. முதுகெலும்புக் காசநோய் இன்னும் நம் நாட்டை விட்டுப் போய்விடவில்லை.

கீறியதும் கணக்கு மாறிவிடுகிறது. ரத்தம் வந்த இடத்தில் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. என்ற மூன்றின் அபாயமும் சேர்ந்தே வருகிறது. ஒருவருக்குப் பயன்படுத்திய பிளேடும் கப்பும் இன்னொருவர் தோலைத் தொடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கும், பிளேடு குத்திக் கிழியாத வெள்ளைக் கொள்கலனுக்கும், ரத்தம் பட்ட பிளாஸ்டிக் சிவப்புப் பைக்கும் போக வேண்டும். வாடகை வீட்டின் முன்னறையில் பாயை விரித்துச் செய்கிறவரிடம் இந்த மூன்று நிறமும் இருக்கின்றனவா என்று உள்ளே நுழைந்தவுடனேயே பார்த்துவிடலாம்.

இன்னொரு கணக்கைக் கிராமத்துப் பெண்களை முன்வைத்துப் போட வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. உடல் அசதி, இடுப்புவலி, தலைசுற்றல் என்று இவர்கள் சொல்லும் பல தொல்லைகளுக்கு ரத்தக் குறைவே காரணமாக இருக்கலாம். இதே தொல்லைகளைச் சொல்லித்தான் பலர் ‘கெட்ட ரத்தம்’ எடுக்கப் போகிறார்கள். அடிக்கடி கீறி ரத்தம் எடுத்துக்கொண்டதால் இரும்புச்சத்து வற்றிக் கடும் ரத்தசோகையில் விழுந்த நோயாளிகளைக் கொரிய மருத்துவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

ரத்ததான முகாமுக்கு ஒரு பெண் போனால் முதலில் விரலில் ஊசி குத்திப் பார்ப்பார்கள். ஹீமோகுளோபின் 12.5க்குக் குறைந்தால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தானம் கொடுத்தவரும் அடுத்த நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். ஆண் என்றால் மூன்று மாதம். கப்பில் எடுக்கப்படும் ரத்தம் ஒரு தடவைக்கு அந்தப் பையின் அளவை எட்டுவதில்லை. ஆனால் மாதாமாதம் வரச்சொல்லும் நிலையங்கள் உண்டு, வருகிறவர்களும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணமில்லாமல் கிடைக்கும் அந்த ஹீமோகுளோபின் சோதனையின் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பிளேடைக் கையிலெடுக்க வேண்டும் என்று ஒரு விதி வந்தால், அது யுனானிக்கும் சித்தத்துக்கும் சீன முறைக்கும் ஒருசேரப் பொருந்தும். அதற்கு எந்த மரபின் தத்துவத்தையும் யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்காது.